ஜீப் பாதை இல்லாத மலை

1

நான் சொல்லும் பொய் எதுவானாலும் என் ஊர்க்காரர்கள் நம்பிவிடுவார்கள். ஸ்காட்லாந்தில் குளிர்காலத்தில் ஆடுகளுக்கும் ஸ்வெட்டர் போட்டுவிடுவார்கள் என்று ஒருமுறை சொன்னேன், நம்பினார்கள். நான் வேலை பார்க்கும் பிஸ்கட் கம்பெனியில் போனஸுக்குப் பதிலாக உடைந்த பிஸ்கட்டை மூட்டையாகக் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள் என்றேன். "அப்ப அடுத்த தடவ வரசொல்ல ரெண்டு மூட்ட எடுத்துகினு வாடா" என்றார் என் அண்ணன்.

இந்த ஆகஸ்டில் நெய்வேலிக்கு வந்திருந்தபோது ஓர் உண்மையைச் சொன்னேன். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்து முடித்துவிட்டு என்னைப் பாராட்டினார்கள். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு பேசாமல் திரும்பியிருப்பேன். பாராட்டைத்தான் தாங்க முடியவில்லை.

அதனால் எழுத்தில் போடுகிறேன். வாயால் சொன்னால் சிரிப்பவர்கள் அச்சில் பார்த்தால் நம்புவார்கள் என்ற நம்பிக்கை இன்னும் இருக்கிறது. விஷயம் இதுதான்: ஜூன் மாதம் ஸ்காட்லாந்து மலை ஒன்றில் பயந்துபோய் உட்கார்ந்துகொண்டு நகரமாட்டேன் என்று அழுதது என் மகள் யாழினி இல்லை. நான்.

2

என்னைத் தெரியாதவர்களுக்காக. என் மனைவி மாலதி நர்ஸ். அவள் வேலை கிடைத்து ஸ்காட்லாந்துக்கு வந்தாள். அவளுடைய பெட்டிகளோடு பெட்டியாக நானும் வந்தேன். அப்போது யாழினிக்கு நான்கு வயது. நெய்வேலியைப் பற்றி அவளுக்கு நினைவு எதுவும் கிடையாது. ஆகவே நான் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். சொன்னேன்.

முக்கியமாக மலை. "அப்பா மலையில் வளர்ந்தவன்" என்று சொல்லித்தான் அவளைத் தூங்க வைப்பேன். அதில் பாதி உண்மை. நெய்வேலியில் மலை உண்டு. கடவுள் வைத்தது இல்லை, நாமே கொட்டியது. நிலக்கரியை எடுக்க அதன் மேலிருக்கும் மண்ணை வெட்டி, பெல்ட்டில் ஓட்டிக் கொண்டுபோய், ஒரு பக்கமாகக் கொட்டிக் கொட்டி வருடக்கணக்கில் உயர்ந்துபோன மண்மேடு. படி படியாக இருக்கும். ஒவ்வொரு படியும் மைதானம் போல அகலம். ஒவ்வொரு படியிலும் வண்டிப் பாதை இருக்கும், ஏனென்றால் அது வேலை நடக்கிற இடம். வேலை நடக்கிற இடத்துக்கு ஜீப் போயாக வேண்டும்.

பள்ளிக்கூட நாட்களில் கூட்டாளிகளோடு திருட்டுத்தனமாக அதில் ஏறுவோம். முதல் படியில் பாட்டுப் பாடுவேன். இரண்டாவது படியில் பாட்டு நின்றுவிடும். மூன்றாவதில் முட்டி ஆடத் தொடங்கும். அதற்கு என்னிடம் ஒரு வழி இருந்தது. மேலேயும் போக வேண்டாம், கீழேயும் சறுக்க வேண்டாம். நிற்கிற படியிலேயே பக்கவாட்டில் நடந்துகொண்டே இருந்தால் ஜீப் பாதை வரும். ஜீப் பாதை வந்தால் ஜீப் வரும். "எந்த பிளாக்குடா நீங்கள்லாம்? உங்கப்பன் பேரு இன்னா?" என்று திட்டியபடி அதில் வருகிறவரே ஏற்றிக்கொண்டுபோய் கேட்டில் இறக்கிவிடுவார். எங்கள் அப்பா பெயர் கலியபெருமாள். மண் வெட்டுகிற பக்கெட் வீல் மிஷினில் ஆபரேட்டர். அந்தப் பெயரைச் சொன்னால் திட்டு பாதியாகக் குறையும். வீட்டுக்குத் தகவல் போவது மட்டும் குறையாது.

யாழினிக்குச் சொன்ன கதைகளில் ஜீப்பே கிடையாது. உச்சியில் நானும் ஒரு நரியும் மட்டும்தான் இருப்போம்.

3

வெளிநாட்டில் பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு வயதுக்குமேல் அவர்கள் வீட்டில் இருக்கிறார்களா இல்லையா என்பதை ஷூவை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். வாசலில் ஷூ இருந்தால் இருக்கிறாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். நான் ஆங்கிலத்தில் ஜோக் அடிப்பேன், அவள் தமிழில் "அப்பா, வேணாம்" என்பாள். செப்டம்பரில் வேறு ஊரில் காலேஜ். அறையில் பாதி சாமான் ஏற்கெனவே பெட்டிக்குள் போய்விட்டது.

இந்த நிலைமையில்தான் ஒரு வெள்ளிக்கிழமை அவளாகவே வந்து கேட்டாள். "நாளைக்கு ஒரு ஹில்லுக்குப் போறேன். கூட வர்றதா இருந்த ஃப்ரெண்டுக்கு ஜுரம். நீங்க வர்றீங்களா?"

அவள் பள்ளிக்கூடத்தில் மலையேற்றக் குழுவில் இருந்தவள். மேப், திசைகாட்டி எல்லாம் வைத்திருக்கிறாள். நான் எதற்கோ ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். இந்த வீட்டில் என்னை யாரும் எங்கேயும் கூப்பிட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

"கஷ்டமான மலையா?" என்றாள் மாலதி, டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டே.

"மீடியம்தாம்மா. அப்பாவுக்கு ட்ரெய்னிங் வேணும்னா சின்னதா வேற ஒண்ணு இருக்கு."

"யாருக்கு ட்ரெய்னிங்? நான் மலையில் வளர்ந்தவன்" என்றேன்.

"அந்த நரி உங்களுக்காக அங்க வெயிட் பண்ணுதாம்" என்று சொல்லிவிட்டு மாலதி கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

மறுநாள் காலையில் நான் தயாராகி நின்ற கோலத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தோளில் நெய்வேலி ஜவுளிக்கடைப் பை. அதற்குள் புளிசாதம், எவர்சில்வர் சொம்பு நிறையத் தண்ணீர், குடை. காலில் மைன்ஸ் ஷூ. அண்ணன் மைன்ஸில் பெர்மனென்ட். கம்பெனி அவருக்குக் கொடுக்கும் சேஃப்டி ஷூவில் ஒரு ஜோடி, நான் ஊருக்கு வரும்போதெல்லாம் என் பெட்டிக்குள் வந்துவிடும். முன்பக்கம் இரும்புத் தொப்பி வைத்தது. மேலே பாறாங்கல் விழுந்தாலும் விரலுக்கு ஒன்றும் ஆகாது. நம்ம ஊரில் அதைப் போட்டுக்கொண்டு பெண் பார்க்கப் போனவர்களே உண்டு. அதைவிட நல்ல ஷூ உலகத்தில் இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

யாழினி மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "அப்பா, அது மலைக்கு இல்ல."

"மைன்ஸே தாங்கும். மலை தாங்காதா?"

கல் என் கால்மேல் விழுவதைப் பற்றித்தான் அந்த ஷூ கவலைப்படும், நான் கல்மேல் விழுவதைப் பற்றி அல்ல என்பது பிறகு புரிந்தது.

4

முதல் ஒரு மணி நேரத்தைத் தமிழர்களின் வீர வரலாற்றில் சேர்த்துக்கொள்ளலாம். பேசிக்கொண்டே ஏறினேன். அவளும் பேசினாள். காலேஜில் என்ன படிக்கப் போகிறாள், அறையில் யாரோடு தங்கப் போகிறாள், ஊருக்குப் போனால் பெரியம்மா கையால் கருவாட்டுக் குழம்பு சாப்பிட வேண்டும் என்பதெல்லாம் வந்தது. பாதியைத் தமிழிலேயே சொன்னாள். நான் நடுவில் ஜோக் அடிக்காமல் கேட்டுக்கொண்டு வந்தேன். அதற்கு மூச்சு வாங்கியதும் ஒரு காரணம்.

பிறகு பாதை செங்குத்தானது. ஏறினால் இதுதான் உச்சி என்று தெரியும். ஏறிப் பார்த்தால் அதற்குப் பின்னால் இன்னொரு உச்சி நிற்கும். இரும்புத் தொப்பிக்குள் விரல்கள் ஒன்றோடொன்று சண்டை போட்டன. திரும்பிக் கீழே பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. நாங்கள் நிறுத்திவிட்டு வந்த கார் தீப்பெட்டி அளவுக்குக் கிடந்தது.

முட்டி ஆடத் தொடங்கியது. முப்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய அதே ஆட்டம்.

அப்போதுதான் இடது பக்கம் அதைக் கண்டேன். மலையின் விலாவில் பச்சைப் புல்லோடு சமதளமாக ஒரு தடம் வளைந்து போயிற்று. எனக்கு அது பார்த்ததுமே தெரிந்துபோயிற்று. படி. நம்ம மண்மேட்டுப் படி. இதிலேயே பக்கவாட்டில் போனால் வண்டிப் பாதை வரும்.

"இப்பிடிப் போலாம்மா. ஈஸியா இருக்கும்."

"அது பாதையே இல்லப்பா. ஆடு நடந்த தடம். மேப்ல கிடையாது."

"மேப் போட்டவன் ஆபீஸ்ல உக்காந்து போட்டிருப்பான். இந்த மாதிரி தடம் எங்க போய்ச் சேரும்னு எனக்குத் தெரியும். வா."

அவள் ஒரு நிமிடம் நின்றாள். நரிக் கதை கேட்டு வளர்ந்தவள் அல்லவா, பின்னாலேயே வந்தாள். யோசித்துப் பார்த்தால் எனக்கு உடம்பு கூசுவது அந்த இடத்தில்தான். அவளுக்கு வழி தெரியும். தெரிந்தும் என்னை நம்பி வந்தாள்.

தடம் குறுகிக்கொண்டே போய், ஒரு பாறையைச் சுற்றி வளைந்ததும் தீர்ந்துவிட்டது. அதற்கப்பால் ஒன்றுமில்லை. கீழே கற்கள் சரிந்து கிடந்த பள்ளம். இத்தனை பெரிய மலையைச் செய்து வைத்துவிட்டு அதற்கு ஒரு ஜீப் பாதை போடாமல் விட்டிருக்கிறார்களே என்று உண்மையிலேயே கோபம் வந்தது. அந்த நேரம் பார்த்துப் பனிமூட்டம் இறங்கியது. ஈரப் புல்லில் வலது கால் ஷூ சறுக்கியது. அப்படியே உட்கார்ந்து பாறையைக் கட்டிக்கொண்டேன்.

"ஒண்ணுமில்லப்பா. வந்த வழியே திரும்பிடலாம். கொஞ்ச தூரம்தான். நான் முன்னாடி போறேன், என் காலைப் பார்த்து வாங்க."

"என்னால முடியாது."

"என் கையப் பிடிங்க."

"பிடிச்சா நீயும் விழுவே. முடியாதுடி. என்னால முடியாது."

அழுதேன். கண் கலங்குவது என்று மரியாதையாகச் சொல்வார்களே, அது இல்லை. மூக்கு ஒழுக, சத்தமாக. எங்கள் பக்கத்துச் சாமி கொளஞ்சியப்பருக்குக் குறையைச் சீட்டில் எழுதிக் கோயிலில் கட்டுவார்கள். நானும் மனதுக்குள்ளேயே ஒரு பிராது எழுதிக் கட்டினேன். எதிர்தரப்பு: இந்த மலை.

5

போனில் சிக்னல் இருந்தது. அவசர எண்ணைப் போட்டேன். இந்த நாட்டில் உயிர் போகிற நேரத்திலும் முதலில் முழுப்பெயரைக் கேட்பார்கள். பாஸ்போர்ட்டில் என் இனிஷியலை விரித்து எழுதியபோது அப்பா பெயர் குடும்பப் பெயராகப் போய் உட்கார்ந்துவிட்டது. அன்றிலிருந்து இங்கே ஆபீஸ், ஆஸ்பத்திரி எங்கும் நான் மிஸ்டர் கலியபெருமாள்தான். அதை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். எங்கே இருக்கிறீர்கள் என்றாள் போனை எடுத்த பெண். பெரிய கல்லுக்குப் பக்கத்தில் என்றேன். என்ன தெரிகிறது என்றாள். வெள்ளையாக இருக்கிறது என்றேன்.

நான் பேசிக்கொண்டிருந்தபோது யாழினி என் காலடியில் குனிந்து, அவிழ்ந்திருந்த என் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"யாருக்குப் பிரச்சினை, ஐயா? நகர முடியாமல் இருப்பது யார்?"

ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்பிள்ளை. மலையில் வளர்ந்தவன். கால் கை எல்லாம் நன்றாக இருக்கிறது. வாய் தானாகச் சொன்னது:

"என் மகள். ரொம்பப் பயந்துவிட்டாள். நகர முடியவில்லை."

லேஸைக் கட்டிக்கொண்டிருந்த கை நின்றது. பிறகு இரண்டாவது முடிச்சையும் போட்டு முடித்தது.

"மகளிடம் கொஞ்சம் பேசலாமா?"

போனை நீட்டினேன். வேறு என்ன செய்வது. யாழினி என் முகத்தைப் பார்த்தாள். என் மூக்கிலிருந்து ஒழுகியது இன்னும் மீசையில் இருந்தது. போனை வாங்கினாள்.

"ஆமாம், நான்தான்" என்றாள் ஆங்கிலத்தில். "ஆமாம். கொஞ்சம் பயமாக இருக்கிறது. இல்லை, அடிபடவில்லை. அப்பா பக்கத்தில் இருக்கிறார்."

அப்புறம் நாங்கள் இருக்கும் இடத்தை மேப் பார்த்து எண்களாகச் சொன்னாள். பயந்து நடுங்குகிற பெண் அத்தனை நிதானமாக எண் சொல்கிறாளே என்று அந்தப் பக்கம் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

வெகுநேரம் கழித்துப் பனிக்குள் இருந்து குரல் கேட்டது. "மிஸ்டர் கலியபெருமாள்... மிஸ்டர் கலியபெருமாள்..." காலமான என் அப்பாவை யாரோ ஒரு மலை முழுக்கத் தேடிக்கொண்டு வந்தார்கள். சின்ன வயதில் தப்புச் செய்துவிட்டு நான் சொன்ன அதே பெயர். இந்த முறை திட்டு குறைவதற்காக நான் சொல்லவில்லை. அவர்களே கூப்பிட்டார்கள்.

வந்தது மலை மீட்புக் குழு. அதில் யாருக்கும் இது சம்பள வேலை இல்லை. ஒருவர் பிளம்பர், ஒரு பெண் பள்ளி ஆசிரியை. சனிக்கிழமையை விட்டுவிட்டு வந்தவர்கள். நேராக யாழினியிடம் போனார்கள். போர்வை போர்த்தினார்கள், சாக்லேட் கொடுத்தார்கள், பயப்படுவதில் வெட்கமே இல்லை என்று சொன்னார்கள். அவள் தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள். "நல்ல வேளை, அப்பா கூட இருந்தார்" என்றார் ஆசிரியை. நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

கயிறு கட்டித் தடத்தில் திரும்ப நடத்தியபோது அவளோடு ஒருவர் நடந்தார். என்னை முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவருமாகப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. பிளம்பர் மட்டும் என் ஷூவைப் பார்த்து, "கட்டட வேலையிலிருந்து நேராக வருகிறீர்களா?" என்றார். சட்டென்று ஒரு ஜோக் அடித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அகலமான பாதைக்கு வந்துவிட்டோம் என்பது எனக்கு என் ஜோக் திரும்பி வந்ததிலிருந்துதான் தெரிந்தது.

புளிசாதம் திறக்கப்படாமலே வீடு வந்து சேர்ந்தது. மாலதியிடமும் அதே பொய்யைத்தான் சொன்னேன்.

6

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டோடு வீடியோ கால். மாலதி விஷயத்தைத் தொடங்கிவைத்தாள், என் வேதாளம் மறுபடி முருங்கைமரம் ஏறிவிட்டது. மலை எப்படி இருந்தது, பனி எப்படி வந்தது என்று நடித்தேன். யாழினி குரலில் "அப்பா, என்ன விட்டுட்டுப் போயிடாதீங்க" என்று நடுங்கியும் காட்டினேன். அண்ணி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த வசனம் நான் பேசியது. மலையில், அவளிடம்.

யாழினி சமையலறையில் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

7

ஆகஸ்டில் நெய்வேலி. குவார்ட்டர்ஸ் கேட்டில் கால் வைத்ததுமே அண்ணன் ஆரம்பித்துவிட்டார். "வாம்மா மலையரசி. மூணு படி இருக்கு, ஏறிடுவியா, ஆளு கூப்புடட்டுமா?"

அவள் சிரித்தாள். மாடிக்குத் துணி காயப்போடப் போனால் ஒரு கிண்டல். வடலூர் பஸ்ஸில் ஏறினால் ஒரு கிண்டல். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அக்கா வரைக்கும் விஷயம் போயிருந்தது. ஒவ்வொரு முறையும் நான் வாயைத் திறந்தேன். ஒவ்வொரு முறையும் அதற்குள் வடையோ டீயோ போய்விட்டது.

ஒருநாள் சாயங்காலம் அண்ணன் எங்களைச் சுரங்கம் பார்க்கக் கூட்டிப்போனார். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கும் இடம். தூரத்தில் மண்மேடு, பாதிக்கு மேல் மரம் முளைத்து. அண்ணிக்கு அம்மா வீடு வளையமாதேவி, சுரங்கத்துக்கு நிலம் போன ஊர். "எங்க வூட்டு நெலத்து மண்ணும் இதுல எங்கனா கெடக்கும்" என்றார், யாரிடமும் இல்லாமல்.

யாழினி மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடுப்படியில் புழுதி கிளப்பிக்கொண்டு ஒரு ஜீப் போனது. அது போய் மறையும்வரை பார்த்தாள்.

"அப்பா, இதுவா உங்க மலை?"

"ஆமாம்மா."

"எல்லாப் படியிலயும் ரோடு இருக்கு."

"ஆமாம்."

"அதனாலதான் அன்னிக்கு அந்தப் பக்கம் திரும்பினீங்களா?"

தலையாட்டினேன். அவள் கோபப்படவில்லை. ஒரு கணக்குக்கு விடை கிடைத்த மாதிரி முகம். அந்த நேரம் பார்த்து அண்ணன், "இன்னாம்மா, இத்தப் பாத்தாலும் கையி காலு நடுங்குதா?" என்றார்.

"கொஞ்சம், பெரியப்பா" என்றாள்.

"அண்ணே" என்றேன். "மலையில பயந்தது அவ இல்ல. நான்தான். அழுததும் நான்தான். போன்ல பொய் சொல்லி அவ பேர்ல போட்டுட்டேன்."

அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு அண்ணி பக்கம் திரும்பி வெடித்துச் சிரித்தார். "ஏய், நடிப்பப் பாத்தியா? மூஞ்ச எப்பிடி வச்சிகினு சொல்றான் பாரு."

"நெசமா சொல்றேண்ணே."

"டேய் சேகரு, ஆடு ஸ்வெட்டர் போட்டுகினு போவுதுன்னு சொன்னப்பவும் இதே மூஞ்சிதான்."

கூடச் சிரித்த அண்ணி பாதியில் நிறுத்தினார். கண்கலங்கிப் போனார். "பொண்ண எல்லாரும் ஓட்றாங்கன்னு பழியத் தன் மேல இழுத்துக்கறாருங்க. பெத்தவருன்னா இப்பிடி இருக்கணும்."

"அது சரி" என்றார் அண்ணன், என் முதுகில் தட்டி. "இனிமே யாரும் புள்ளய ஓட்டாதீங்க. அவங்கப்பனுக்குப் பொறுக்கல."

யாழினி வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். ஜூனுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

8

போன வாரம் அவளைக் காலேஜில் கொண்டுபோய் விடுவதற்கு முந்தின நாள், இதுவரை எழுதியதை அவளிடம் கொடுத்தேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்தவள். மெதுவாகத்தான் வாசிப்பாள், உதடு அசையும். கட்டிவைத்த பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டு வாசித்தாள். 'பிராது' என்றால் என்ன என்று கேட்டாள். நரி வந்த இடத்தில் சிரித்தாள். நான் பெட்டிகளுக்கு அநாவசியமாக இன்னொரு கயிறு கட்டிக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணு தப்பு" என்றாள்.

"எழுத்துப் பிழையா?"

"இல்ல. பயந்தது நான் இல்லன்னு முதல்லயே எழுதியிருக்கீங்க. போன்ல நான் சொன்னது உங்களுக்காக இல்ல. எனக்கும் பயமாதான் இருந்தது."

"பள்ளத்தைப் பார்த்தா?"

"உங்களைப் பார்த்து" என்றாள். "நீங்க அப்பிடி அழுது நான் பார்த்ததே இல்ல."

காகிதத்தை என்னிடம் திருப்பித் தந்தாள்.

"அதையும் போடுங்க."

போட்டுவிட்டேன்.